அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கால்டர் எதிர் புல் வழக்கில் (1798) கால்டர் தம்பதிக்கு அநீதி நடந்ததா?

நடந்தது என்றே நான் கருதுகிறேன். நீங்கள் சட்டம் படிப்பவராக இருந்தால், பின்னோக்கிப் பாயும் தண்டனைச் சட்டங்களை, அதாவது செயல் நடந்த பிறகு இயற்றி அதற்கே பொருத்தும் சட்டங்களை, நீதிபதி சாமுவேல் சேஸ் நான்கு வகையாகப் பிரித்தார் என்பதோடு பாடம் முடிந்திருக்கும். அதற்குப் பின்னால் ஓர் உயிலும் இரண்டு குடும்பங்களும் இருந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நார்மண்ட் மோரிசன் 1779இல் எழுதிய உயிலை ஏற்க, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் உயில் விசாரணை நீதிமன்றம் 1793இல் மறுத்தது. ஆகவே சொத்து, வாரிசுரிமைப்படி கால்டரின் மனைவிக்குச் சேர வேண்டியதாயிற்று. உயிலின்படி உரிமை கோரிய கேலெப் புல்லும் அவர் மனைவியும் பதினெட்டு மாத மேல்முறையீட்டுக் காலத்தைத் தவறவிட்டார்கள். 1795 மே மாதத்தில் மாநிலச் சட்டமன்றம் ஒரு தீர்மானத்தால் அந்தத் தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு வழிவிட, ஜூலையில் அதே உயில் ஏற்கப்பட்டது. கால்டர் தம்பதி உச்ச நீதிமன்றம் வரை சென்றும் தோற்றார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு நினைவுக்கு வரும். தாத்தாவின் உயில் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பாகி, மேல்முறையீட்டுக் கெடுவும் முடிந்த பிறகு, நிலம் தன்னுடையது என்ற நம்பிக்கையில் அம்மா நகையை அடகு வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார். அதன் பின்னரே எதிர்த் தரப்பு தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டது. மனு ஏற்கப்பட்டு மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் நடந்தது. தீர்ப்பு கடைசியில் மாறவில்லை என்றாலும், அத்தனை காலமும் அந்த நிலத்தை விற்கவும் முடியவில்லை, நிம்மதியாக உழவும் முடியவில்லை.

இரண்டும் ஒன்றா என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்றல்ல என்பதை நானும் அறிவேன். அம்மா வழக்கில் தாமதத்தை மன்னித்தது ஒரு நீதிமன்றம். அதற்கான சட்டப்பிரிவும் முன்பே இருந்தது. கால்டர் வழக்கில், முடிந்துபோன ஒரு குடும்பத் தகராறுக்காகச் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. மறுவிசாரணை வழங்குவது அங்கே நெடுநாள் வழக்கம் என்று நீதிபதிகள் காட்டியதும், பின்னோக்கிப் பாயும் சட்டங்களுக்கு அரசியலமைப்பு விதித்த தடை தண்டனைச் சட்டங்களுக்கு மட்டுமே என்ற அவர்களது விளக்கமும் சட்டப்படி வலுவானவையே. ஆனால் ஒருவரிடமிருந்து சொத்தைப் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்கும் சட்டம் சட்டமே ஆகாது என்று அதே தீர்ப்பில் எழுதிய சேஸ், முதல் தீர்ப்பால் கால்டர் தம்பதிக்குச் சொத்துரிமை உறுதியாகிவிடவில்லை என்று சொல்லி, அந்த அளவுகோலை அவர்களுக்குப் பொருத்தாமல் விட்டார் என்பதே என் மனத்தாங்கல்.