மகளின் குடியியல் அறிக்கை: ஸ்காபுறோவிலிருந்து ஒரு பதில்

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபுறோவுக்கு வந்து ஓராண்டு நிறையவில்லை என்றும், தரம் 10 இல் படிக்கும் மகளிடம், குடியியல் பாடத்துக்காக, ஊருக்குப் பொதுவான ஒரு பிரச்சினையில் தானே இறங்கிச் செயற்பட்டு அதைப் பற்றி அறிக்கை எழுதிக் கொண்டுவரும்படி ஆசிரியர் கூறியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அகதிக் கோரிக்கை முடிவாகாத குடும்பத்துப் பிள்ளை அரசியலில் தலையிட்டால் வில்லங்கம் ஏதும் வருமோ என்பது உங்கள் முதற் கவலை. ஆங்கிலம் இன்னும் வசப்படாத பிள்ளை என்பதால், பணம் வாங்கிக்கொண்டு இத்தகைய வேலைகளைச் செய்து கொடுக்கும் ஒருவரிடம் அறிக்கையை ஒப்படைக்கலாமா என்பது இரண்டாவது. பிள்ளை இந்த வேலையைத் தானே செய்ய வேண்டும், பயமின்றிச் செய்யலாம் என்பதே என் பதில். ஏன் என்பதையும் எப்படி என்பதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு தாளில் இட்ட கையெழுத்துக்காகவே வீடு தேடி ஆட்கள் வந்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். அந்தப் பயம் விமானம் ஏறியதும் விட்டுப் போவதில்லை. அதற்காக நீங்கள் வெட்கப்படவும் வேண்டியதில்லை. ஆயினும் இந்நாட்டின் நிலையைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். 1982 இல் அரசியலமைப்பின் பகுதியாகிய உரிமைகள் சாசனத்தின் இரண்டாம் பிரிவு, கருத்துச் சொல்லும் சுதந்திரத்தையும், அமைதியாகக் கூடும் சுதந்திரத்தையும், சங்கமாகச் சேரும் சுதந்திரத்தையும் எல்லோருக்கும் உரியவை என்றே வழங்குகிறது. வாக்குரிமை போன்ற சிலவற்றைத்தான் அது குடிமக்களுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் மகள் தனது தொகுதியின் நகரசபை உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதற்குக் குடியுரிமையும் தேவையில்லை, பதினெட்டு வயதும் தேவையில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. ரொறன்ரோ நகரசபையின் குழுக்களுக்கு எழுத்தில் அனுப்பும் கருத்துகள் பொதுப் பதிவாகிவிடும்; எழுதியவரின் பெயரோடு அவை இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியவாறு கிடக்கும். பேருந்து பற்றிய கடிதத்தில் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் ஊரிலுள்ள உறவினரின் பெயர், உங்கள் கோரிக்கையின் விபரம், வீட்டு முகவரி முதலியவை அவ்வாறான ஆவணம் எதிலும் இடம்பெறக் கூடாது. அதன் பின்னரும் மனம் ஆறாவிட்டால், உங்கள் வழக்கைப் பார்க்கும் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்தப் பாடம் உங்கள் மகளுக்கென்று தனியாக வந்ததன்று. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்குத் தேவையான 30 பாட அலகுகளில் (credits) அரை அலகு குடியியலுக்கு உரியது. அது கட்டாயப் பாடம். மாகாணத்தின் மதிப்பீட்டு விதிப்படி இறுதிப் புள்ளியில் 70 வீதம் தவணை முழுவதும் செய்யும் வேலைகளுக்கும், 30 வீதம் பாடத்தின் கடைசிப் பகுதியில் நடக்கும் பரீட்சைக்கோ செயற்திட்டத்துக்கோ போகும். மகளின் அறிக்கை இதில் எந்தப் பங்கில் வருகிறது என்பதை ஆசிரியரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சான்றிதழுக்கு வேண்டிய 40 மணித்தியாலச் சமூக சேவை வேறு, இது வேறு. பாடத்துக்காகச் செய்த வேலையை அந்த மணித்தியாலங்களில் சேர்க்க முடியாது. பல பெற்றோர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பிறகு அலைகிறார்கள்.

எந்தக் கட்சியையும் ஆதரிக்கும்படி ஆசிரியர் கேட்கவில்லை. ஒரு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, அதில் யாருக்கு அதிகாரம் இருக்கிறது, சாதாரண மனிதர் ஒருவர் அந்த இடத்தை எவ்வழியாக எட்டலாம் என்பவற்றைப் பிள்ளை தன் கால்களால் நடந்து அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அறிக்கையை வாசிப்பவரும் இதைத்தான் தேடுவார்.

ஆகவே பிரச்சினையைத் தெரிவு செய்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. உலக வெப்பமயமாதல், வறுமை ஒழிப்பு என்று பெரிய தலைப்புகளை எடுக்கும் பிள்ளைகள் நாலு பக்கத்துக்குப் பொதுவான வசனங்களை எழுதிவிட்டு, தாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். மகள் தினமும் கென்னடி நிலையத்துக்குப் போக நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு போகிறாள் என்று நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

அந்த நெரிசலின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கென்னடியிலிருந்து ஸ்காபுறோ சென்ரர் வழியாக மக்கோவன் வரை 1985 முதல் ஓடிய ஆர்.ரி. என்னும் சிறிய ரயில், 2023 ஜூலை 24 மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகில் தடம்புரண்டது. அவ்வாண்டு நவம்பரில் மூட இருந்த அந்தப் பாதையை, விபத்தின் பின் திறக்காமலே மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பயணிகளைப் பேருந்துகளே சுமக்கின்றன. அதற்குப் பதிலாக ஷெப்பர்ட்–மக்கோவன் சந்தி வரை 7.8 கிலோமீற்றர் நீளத்தில் மூன்று நிலையங்களோடு சுரங்கரயில் பாதை கட்டப்படுகிறது. ஆனால் அதைக் கட்டுவது மாகாண அரசின் மெற்றோலிங்ஸ் நிறுவனம். பேருந்தை ஓட்டுவது நகரத்துக்குச் சொந்தமான ரி.ரி.சி. என்ற போக்குவரத்து நிறுவனம். அதன் ஆளுகைச் சபையில் நகரசபை உறுப்பினர்களும், நகரசபை நியமிக்கும் பொதுமக்களும் இருக்கிறார்கள். அதற்கு வேண்டிய மானியத்தை நகரசபை தனது வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்க வேண்டும்.

இன்னும் அருகே போனால், ஒரு தரிப்பிடத்திலேயே அதிகாரம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பது ரி.ரி.சி.யின் முடிவு, மழைக்கும் பனிக்கும் ஒதுங்குவதற்கு அங்கே ஒரு கூடு அமைப்பது நகரசபையின் வீதித் தளபாடத் திட்டத்தைச் சேர்ந்தது. கூடு கேட்டு ரி.ரி.சி.க்கு எழுதும் பிள்ளைக்குப் பதில் தாமதமாவதும், 311 என்ற நகரசபைத் தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு பதிந்த பிள்ளைக்கு ஒரு முறைப்பாட்டு இலக்கமாவது கையில் கிடைப்பதும் இதனால்தான். இவ்வளவையும் மகள் தானே தேடிக் கண்டுபிடித்து எழுதினால், அந்தப் பந்தியே அவளுக்கு நல்ல புள்ளியைப் பெற்றுத் தரும்.

செயற்பாடு என்றவுடன் ஊர்வலத்தையும் முழக்கத்தையும் நினைக்க வேண்டாம். 2009 மே 10 அன்று, ஊரில் போரை நிறுத்தக் கோரி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் இறங்கி நின்ற எங்கள் சனத்தின் வேதனையையும் துணிவையும் நான் மறக்கப் போவதில்லை. ஆனால் ஒரு பள்ளிச் செயற்திட்டத்துக்கு அவ்வளவு பெரிய களம் தேவையில்லை. நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதினைந்து நிமிடம் சந்திக்கக் கேட்கலாம். ஸ்காபுறோ சிவிக் சென்ரரில் கூடும், இப்பகுதி நகரசபை உறுப்பினர்களைக் கொண்ட ஸ்காபுறோ சமூக சபையின் கூட்டத்துக்குப் போய், பொதுமக்கள் தங்களுக்குத் தரப்படும் சில நிமிடங்களில் எழுந்து பேசுவதைப் பார்க்கலாம். தொடர்புள்ள விடயம் நிகழ்ச்சி நிரலில் இருந்தால், முன்கூட்டியே பதிந்து தானும் பேசலாம். முழு நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச இடமில்லை, குழுக்களிலும் சமூக சபைகளிலும்தான் உண்டு என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். மத்திய அரசு சம்பந்தப்பட்ட பிரச்சினை என்றால், 2015 டிசம்பர் முதல் நடைமுறையிலுள்ள இணைய மனு இருக்கிறது. ஐந்து பேரின் ஆதரவோடு தொடங்கி, ஒரு பாராளுமன்ற உறுப்பினர் அனுமதித்து, 500 கையெழுத்துகள் சேர்ந்து, அது சபையில் சமர்ப்பிக்கப்பட்டால் அரசு 45 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கனடாவில் வசிப்பவர் எவரும், வயது வேறுபாடின்றி, அதில் ஒப்பமிடலாம். பள்ளி சம்பந்தப்பட்ட பிரச்சினைக்கு, மாணவர்களே தெரிவு செய்து கல்விச் சபைக்கு அனுப்பும் மாணவப் பிரதிநிதி இருக்கிறார். அவருடைய வாக்குச் சபையைக் கட்டுப்படுத்தாது என்றாலும், சபை கூடும்போது அவர் அங்கே பேசக்கூடியவர்.

அறிக்கை எழுதும் முறைக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகள் கட்டுரை எழுதப் பழகிய விதம் வேறு. ரியூட்டரியில் கொடுத்த முன்னுரையைப் பாடமாக்கி, அழகான பழமொழியோடு தொடங்கி, ‘எனவே நாம் அனைவரும் ஒன்றுபடுவோமாக’ என்று முடிப்பதற்கு இங்கே புள்ளி இல்லை. விசாரணைக் கேள்வி ஒன்றோடு தொடங்க வேண்டும். அந்தக் கேள்வி ஆம், இல்லை என்ற பதிலுக்குள் அடங்காததாக இருக்க வேண்டும். ‘பேருந்துகளை அதிகரிக்க வேண்டுமா?’ என்பது சப்பென்று முடிந்துவிடும். ‘ரயில் மூடப்பட்ட பிறகு இந்தப் பாதையில் பேருந்துச் சேவையின் அளவைத் தீர்மானிப்பவர்கள் யார், காலையில் பள்ளிக்குப் போகும் மாணவரின் தேவை அவர்களிடம் எவ்வளவு தூரம் எட்டுகிறது?’ என்பது அறிக்கை முழுவதையும் தாங்கும்.

அடுத்தது சான்று. நாளிதழ்ச் செய்தியும் ரி.ரி.சி.யின் அறிக்கையும் மட்டும் போதாது. அவள் தானே பார்த்ததும் வேண்டும். ஒரு கிழமை காலையில் தரிப்பிடத்தில் நின்று, பேருந்து வரவேண்டிய நேரம், வந்த நேரம், இடமில்லாமல் ஏற்றாது போனது, பிள்ளை வண்டியோடோ சக்கர நாற்காலியோடோ வந்தவர் ஏற முடிந்ததா என்பவற்றைக் கொப்பியில் கோடிட்டுக் குறித்தால், அந்தக் கொப்பியின் ஒரு பக்கம் இணையத்திலிருந்து எடுத்த பத்துப் பக்கங்களைவிட மதிப்புள்ளது. அந்தக் குறிப்பு ஒரே தரிப்பிடத்தில், ஒரே பருவத்தில் எடுத்தது, ஆகவே அதிலிருந்து நகரம் முழுவதற்கும் முடிவு சொல்ல முடியாது என்பதையும் அவளே எழுத வேண்டும். குறையை ஒளித்தால் புள்ளி கூடும் என்று எங்கள் பிள்ளைகள் நம்புகிறார்கள். இங்கே அதை எடுத்துச் சொல்பவருக்குத்தான் கூடும்.

பிற தரப்பின் நியாயத்தையும் எழுத வேண்டும். சாரதி என்ன சொல்கிறார், வரி கட்டும் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார், அந்தப் பேருந்தை இங்கே கூட்டினால் எந்தப் பாதையில் குறைப்பார்கள் என்றெல்லாம் யோசிக்காத அறிக்கை வெறும் முறைப்பாடாகவே நிற்கும். மாகாணப் பாடத்திட்டம் அரசியல் சிந்தனைக்கு நான்கு கோணங்களை வகுத்திருக்கிறது: ஒரு விடயத்தின் அரசியல் முக்கியத்துவம், நோக்கமும் விளைவும், நிலைபேறும் மாற்றமும், பல்வேறு அரசியற் பார்வைகள். ஆசிரியர் தந்த தாளில் இந்த நான்கும் வேறு சொற்களில் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் அறிக்கையில் எங்கே பதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசிப் பகுதி, தான் என்ன செய்தாள், அதனால் என்ன நடந்தது, இனிச் செய்வதானால் எப்படிச் செய்வாள் என்பது. பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. ‘தங்கள் கருத்துக்கு நன்றி, கவனத்தில் எடுத்துள்ளோம்’ என்று உறுப்பினரின் உதவியாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். பிள்ளைகள் அதைத் தோல்வி என்று நினைத்து மறைக்கிறார்கள், அல்லது வராத வெற்றியை எழுதிவிடுகிறார்கள். அந்த மின்னஞ்சலையே எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எந்தக் கேள்விக்குப் பதில் வந்தது, எது தவிர்க்கப்பட்டது, வேறு யாரிடம் அனுப்பியிருந்தால் பலித்திருக்கும் என்று ஆராய்ந்தால், அறிக்கையில் மிகச் சிறந்த இடம் அதுவாக அமையும். இப்பகுதியில் ‘நான்’ என்று எழுதலாம், எழுதவும் வேண்டும்.

எழுதிக் கொடுப்பவரிடம் போக வேண்டாம் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். பிறர் எழுதியதைத் தன்னுடையதென்று கொடுத்தால் புள்ளி இல்லாமல் போகலாம் என்பது ஒரு காரணம். அதைவிட, தான் பேசினால் இந்த ஊரில் யாராவது கேட்பார்கள் என்று பிள்ளை முதல்முதலாக அறியும் சந்தர்ப்பத்தைக் காசு கொடுத்து இழக்கிறீர்கள் என்பதே என் பெரிய வருத்தம். ஆங்கிலக் குறைபாடு நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய தடையன்று. ஒன்ராறியோவில் புள்ளியிடுவது அறிவும் விளக்கமும், சிந்தனை, வெளிப்படுத்தல், பிரயோகம் என்ற நான்கு வகைகளில். மொழி நடை பெரும்பாலும் வெளிப்படுத்தல் என்ற ஒன்றில்தான் வருகிறது. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் மாணவருக்கு எதிர்பார்ப்பை மாற்றியமைக்கவும், கூடுதல் நேரம் தரவும் ஆசிரியருக்கு இடமுண்டு; வெட்கப்படாமல் கேட்க வேண்டும். முதல் வரைவைத் தமிழில் எழுதட்டும். மருத்துவரிடம் போக அதே பேருந்தை நம்பியிருக்கும் அம்மம்மாவைத் தமிழில் பேட்டி எடுத்து, அவருடைய சம்மதத்தோடு ஆங்கிலத்தில் மாற்றி இணைத்தால், அதுவும் முறையான சான்றே. நீங்களும் கணவரும் செய்யக்கூடிய உதவி, அவள் எழுதியதை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, விளங்காத இடத்தில் ‘ஏன்?’ என்று கேட்பது.

இலங்கையில் எங்கள் சனத்தின் பிரச்சினையை எடுக்கலாமா என்று மகள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எடுக்கலாம்; அதற்கு இந்த மண்ணிலேயே தடம் இருக்கிறது. மே 18 இல் முடியும் ஏழு நாட்களைத் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரமாக்கிய 2021 ஆம் ஆண்டின் ஒன்ராறியோச் சட்டம், விஜய் தணிகாசலம் என்ற மாகாண சபை உறுப்பினர் கொண்டுவந்த 104 ஆம் இலக்கத் தனிநபர் சட்டமூலத்திலிருந்து பிறந்தது. அது எவ்வழியாகச் சட்டமானது, எதிர்த்தவர்கள் என்ன வாதிட்டார்கள் என்று ஆராய்வது தகுந்த பொருள்தான். ஆனால் மறுதரப்பின் வாதத்தையும் நிதானமாக எழுத வேண்டிய வேலை இது. வந்து ஓராண்டுக்குள், காயம் ஆறாத வீட்டில் இருந்துகொண்டு, பதினைந்து வயதுப் பிள்ளை அதைச் செய்வது கடினம். உங்கள் கோரிக்கையும் முடிவாகாத நிலையில், இம்முறை பேருந்தை எடுத்துக்கொண்டு, இதைத் தரம் 12 க்கு வைத்திருக்கட்டும் என்பதே என் எண்ணம்.

நகரசபை அலுவலகத்திலிருந்து பதில் வரக் கிழமைக்கணக்கில் ஆகலாம் என்பதால், மற்ற எதையும் எழுதத் தொடங்குமுன் அந்த மின்னஞ்சலை இந்தக் கிழமையே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய திகதியையும், கிடைத்த பதிலையும், 311 தந்த முறைப்பாட்டு இலக்கத்தையும் ஒரே கோப்பில் போட்டு வைக்கட்டும். அறிக்கையின் பின்னிணைப்பில் ஆசிரியர் முதலில் புரட்டிப் பார்ப்பது அவற்றைத்தான்.