பதிவில் எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம்? ஜியோகேஷிங் கேள்வி பதில்

ஜியோகேஷிங் என்றால் என்ன என்று தெரியாமல் வந்தவர்களுக்கு முதலில் இரண்டு வரி. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். நாம் ஜிபிஎஸ்ஸோடு போய்த் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ‘கண்டுபிடித்தேன்’ என்று ஒரு பதிவு போடுவோம். சண்டை எல்லாம் அந்தப் பதிவில்தான். நான் டொரண்டோ பக்கம் பதினான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஏழு டப்பாக்கள் ஒளித்தும் வைத்திருக்கிறேன். ஸ்பாய்லர், அதாவது விடையை முன்கூட்டியே உடைத்து ஆட்டத்தைக் கெடுக்கும் பேச்சு, அது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டார்கள்.

கேள்வி (பிராம்ப்டன், புதியவர்): டப்பாவை வைத்தவரே துப்பு கொடுக்கிறார். அதையே நான் என் பதிவில் சொன்னால் மட்டும் ஸ்பாய்லரா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. துப்பு மூடி வைத்த பாத்திரம். டப்பாவின் இணையப் பக்கத்தில் அது குறியாக்கம் செய்த எழுத்தாகத்தான் தெரியும். வேண்டும் என்றால் ஒரு தட்டு தட்டித் திறந்து பார்க்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். உங்கள் பதிவு அப்படி இல்லை. போன தடவை யார் போனார்கள், டப்பா இன்னும் இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் கடைசி நாலைந்து பதிவுகளைப் படிப்பார்கள். அதில் ‘மூன்றாவது கம்பத்தின் பின்னால்’ என்று இருந்தால் படித்தது படித்ததுதான். மறந்துவிடு என்று மூளையிடம் சொல்ல முடியாது.

சின்ன வயதில் கிச்சு கிச்சு தாம்பாளம் விளையாடியிருப்பீர்கள். மணலை நீளமாகக் குவித்து உள்ளே குச்சியை ஒளித்துவைப்போம். எதிரில் இருப்பவள் யோசித்து, யோசித்து, இரண்டு கையையும் கோத்து ஓரிடத்தில் பொத்துவாள். அப்போது பக்கத்தில் நிற்கும் ஒரு வாண்டு ‘அங்கே இல்லை, இந்தப் பக்கம்!’ என்று கத்துமே, ஸ்பாய்லர் என்பது அந்த வாண்டுதான். கெட்ட எண்ணம் இருக்காது. ஆட்டம் மட்டும் போய்விடும்.

கேள்வி (மார்க்கம்): துப்பைத் திறந்து பார்ப்பது ஏமாற்று வேலை என்று என் நண்பர் சொல்கிறார். நீங்கள் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். வெட்கமே கிடையாது. உங்கள் நண்பர் ஜிபிஎஸ்ஸை ரொம்ப நம்புகிறார் என்று நினைக்கிறேன்.

இந்த விளையாட்டே ஜிபிஎஸ் பிழை குறைந்ததால் பிறந்தது. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலங்கலாக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லண்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவைத்து, அதன் இடத்தை யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத மேடையில் ஒரு குழுவில் அறிவித்தார். வாளிக்குள் ஒரு டப்பா பீன்ஸ்கூட இருந்தது. சில நாளிலேயே ஒருவர் போய்க் கண்டுபிடித்துவிட்டார்.

ஆனால் வாளி பெரியது. இப்போது நாம் தேடுவது ஃபிலிம் ரோல் டப்பா, சில சமயம் அதைவிடவும் சின்னது, விரல் நுனியளவு. வெட்டவெளியில் போன் நாலைந்து மீட்டருக்குள் காட்டும். அடர்ந்த மரங்களுக்கு நடுவே பத்து மீட்டர் தள்ளிக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. வைத்தவரின் கருவியிலும் இதே பிழை உண்டு, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் ஆரம் என்றாலே முந்நூறு சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. அதில் விரல் நுனியைத் தேடு என்றால் செடிகொடிதான் மிதிபடும். அந்த இடத்தில் துப்பு சலுகை இல்லை, தேவை.

இதைச் சொல்லும்போதே ஒரு வயிற்றெரிச்சல்: காட்டுக்கு நடுவில் வைத்துவிட்டு ‘மரத்தடியில்’ என்று துப்பு கொடுக்கும் புண்ணியவான்களே, எந்த மரம்?

கேள்வி (ஆட்டவா): ‘மேலே பாருங்கள்’ என்று மட்டும்தான் எழுதினேன். டப்பாவின் சொந்தக்காரர் என் பதிவையே நீக்கிவிட்டார். நான் கண்டுபிடித்த எண்ணிக்கையிலும் ஒன்று குறைந்துவிட்டது. இது நியாயமா அக்கா?

கோபம் புரிகிறது தம்பி. முதலில் விதி: அடுத்தவர் பதிவைத் திருத்த அவரால் முடியாது, நீக்கத்தான் முடியும். அந்த இரண்டு சொல்லை மட்டும் எடுக்க நினைத்திருந்தாலும் அவர் கையில் இருந்த கருவி அது ஒன்றுதான். உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பி ‘கொஞ்சம் மாற்றுங்களேன்’ என்று கேட்டிருக்கலாம், அது மரியாதை. கேட்காதது அவர் தப்பு. தாளில் உங்கள் கையெழுத்து இருந்தால் அந்த இரண்டு சொல்லை விட்டுவிட்டு மறுபடி பதிவு போடுங்கள். எண்ணிக்கை திரும்பிவிடும்.

‘மேலே பாருங்கள்’ அவ்வளவு பெரிய குற்றமா என்றால், டப்பாவைப் பொறுத்தது. தேடுபவர்கள் எல்லோரும் குனிந்துதான் தேடுவார்கள். அந்தப் பழக்கத்தை நம்பியே சிலர் ஒளித்துவைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அந்த இரண்டு சொல்லே முழு விடை.

நானும் இதில் அடிபட்டவள்தான். டான் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு பறவைக்கூடு இருந்தது. பார்த்தால் சாதாரணக் கூடு. ஒரு ஆணியைத் திருகினால் அடிப்பலகை நகரும், உள்ளே டப்பா. மூன்றாம் தடவை போனபோதுதான் எனக்குப் பிடிபட்டது. வந்த சந்தோஷத்தில் ‘ஆணிகளில் ஒன்று மட்டும் புதுசாக மின்னுகிறதே என்று யோசித்தேன்’ என்று எழுதிவிட்டேன். நேரடியாக ஒன்றும் சொல்லவில்லையே, சாமர்த்தியமாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைப்பு வேறு. அன்று இரவே வைத்தவரிடமிருந்து செய்தி வந்தது. திட்டவில்லை. ‘அதைச் செய்ய எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது’ என்று ஒரே ஒரு வரி.

உடனே திருத்தினேன். ஆனால் பதிவு போட்ட நொடியிலேயே அந்த டப்பாவைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சல் போய்விடுகிறது. திருத்தினால் மறுபடி போவதில்லை. பழையதுதான் அவர்கள் பெட்டியில் கிடக்கும். ஜியோகேஷிங் தளத்துக்குச் சந்தா கட்டுபவர்கள் மொத்தமாக இறக்கிவைத்துக்கொள்ளும் கோப்பிலும் கடைசி ஐந்து பதிவுகள் சேர்ந்தே வரும். அன்று மாலை இறக்கியவர்கள் கையில் என் ஆணி போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் இப்போதெல்லாம் காட்டில் நின்றுகொண்டு பதிவு எழுதுவதில்லை. வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டுத்தான்.

கேள்வி (ஸ்கார்பரோ): இந்தத் தொல்லைக்குப் பயந்து ‘டிஎஃப்டிசி’ என்று நாலெழுத்து போட்டுவிட்டுப் போகிறேன். போதாதா?

‘டப்பாவுக்கு நன்றி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஏழு டப்பாக்களுக்குச் சொந்தக்காரி என்ற முறையில் சொல்கிறேன்: அது வந்தால் பெட்டியில் விளம்பரக் காகிதம் விழுந்த மாதிரி இருக்கிறது.

இடத்தைச் சொல்லாமல் எழுத எவ்வளவோ இருக்கிறது. வழி சேறாக இருந்ததா, தாள் நனைந்திருந்ததா, மூடி சரியாக மூடுகிறதா. எவ்வளவு நேரம் ஆனது என்று தாராளமாகச் சொல்லலாம். ‘நாற்பது நிமிடம், நாலு தடவை அதைத் தாண்டிப் போனோம்’ என்றால் அடுத்தவருக்குப் பொறுமை வேண்டும் என்று தெரியும், இடம் தெரியாது. நான் வைத்த ஒன்றில் ஒரு அப்பா, தன் மகள் கையெழுத்துப் போடுமுன் தாளில் இருந்த எல்லாப் பெயரையும் வாசித்தாள் என்று எழுதியிருந்தார். அதை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன்.

கொண்டுபோன சாமானைச் சொல்வதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. ‘நல்ல வேளை காந்தம் வைத்திருந்தேன்’ என்பது சில இடங்களில் விடை. ஆனால் வைத்தவரே டப்பாவின் இணையப் பக்கத்தில் ‘தனிக் கருவி தேவை’ என்ற சின்னத்தைப் போட்டிருந்தால் அது ரகசியமில்லை. விரல் நுனி டப்பாவின் சுருட்டிய தாளை எடுக்கச் சாமணம் வேண்டும் என்பதையும் யாரும் ஸ்பாய்லர் என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: கண்டுபிடிக்காதபோது எங்கெல்லாம் தேடினேன் என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பட்டியல் போடாதீர்கள். ‘பாலத்துக்கு அடியில் முழுக்கப் பார்த்தேன், இல்லை’ என்று நீங்கள் எழுதி, டப்பா பாலத்துக்கு அடியில்தான் இருந்தால் அடுத்து வருபவர் அங்கே பார்க்கவே மாட்டார். கிடைக்கவில்லை, இவ்வளவு நேரம் தேடினேன் என்றால் போதும். விவரத்தை வைத்தவருக்குத் தனியாக அனுப்புங்கள். ஆனால் ‘கிடைக்கவில்லை’ என்பதைக் கட்டாயம் பதியுங்கள். மானப் பிரச்சினையாக நினைத்துப் பலர் பதிவதே இல்லை, டப்பா காணாமல் போனது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகிறது.

கேள்வி (லண்டன், ஒன்டாரியோ): நான் சக்கர நாற்காலியில் போகிறவன். நிலத் தரம் 1 என்றால் நாற்காலி போகும் என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் நடுவில் இரண்டு படி. இதை எழுதினால் ஸ்பாய்லர் என்பார்களோ?

யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். வழியில் இருக்கும் தடை ஸ்பாய்லரே இல்லை. படி, உடைந்த வேலி, குளவிக்கூடு, விஷப் படர்கொடி, ஊசி கிடந்தது, எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லுங்கள். குளவிக்கூடு டப்பாவுக்கு ஒட்டியே இருந்து, சொன்னால் இடம் தெரிந்துவிடும் என்றாலும் சொல்லுங்கள். தரத்தை மாற்றச் சொல்லி வைத்தவருக்கும் எழுதுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): வேலை விஷயமாக ஒரு ஊருக்குப் போகிறேன், அங்கே ஒரே ஒரு மதியம்தான் கிடைக்கும். மறுபடி வரப்போவதில்லை. என்னைப் போன்றவர்களுக்காகவாவது பதிவில் ஒரு துப்பு இருக்கக் கூடாதா?

இந்தக் கேள்வியைத்தான் என்னால் சட்டென்று தள்ள முடியவில்லை. உள்ளூர்க்காரியான எனக்கு மூன்றாம் தடவை போக வசதி இருந்தது, உங்களுக்கு இல்லை.

ஆனாலும் உங்கள் ஒரு மதியத்துக்காக எழுதும் வரி, எல்லோருடைய மதியத்திலும் போய் உட்காருகிறது. அதனால் ஒருவருக்கு ஒருவராகக் கேளுங்கள். ஒரு வாரம் முன்னால் வைத்தவருக்கு எழுதுங்கள்: இன்ன தேதி வருகிறேன், ஒரே வாய்ப்பு, கொஞ்சம் உதவ முடியுமா என்று. நான் எழுதியவர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாகப் பதில் போட்டார்கள். சிலர் விளையாட்டை விட்டே போயிருப்பார்கள், பதில் வராது. அப்போது சமீபத்தில் கண்டுபிடித்த யாரையாவது கேட்கலாம். தளத்தின் விதிப்படி வைத்தவரின் சம்மதமில்லாமல் விடை, துப்பு, மறைத்த இடம் எதையும் தளத்திலோ வெளியிலோ வெளியிடக் கூடாது. கண்டபடி கேட்டுவிட்டு அதைக் குழுவில் போடாதீர்கள். என்னை யாராவது கேட்டால் இடத்தைச் சொல்ல மாட்டேன், ‘எங்கே தேடினீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பேன். பதிலைக் கேட்டு ‘இன்னும் கொஞ்சம்’ என்றோ ‘அந்தப் பக்கமே வேண்டாம்’ என்றோ சொல்வேன்.

கேள்வி: புதிர் வகையில்?

அங்கே இன்னும் கண்டிப்பு வேண்டும். புதிர் டப்பாவில் வரைபடத்தில் தெரியும் புள்ளி பொய்ப் புள்ளி. நிஜ இடம் பெரும்பாலும் அதிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும், புதிரை அவிழ்த்தால்தான் தெரியும். ‘ஏரிக்கரையில் அருமையான நடை’ என்று நீங்கள் எழுதினால், அந்த வட்டத்தில் இருப்பது ஒரே ஏரி என்றால், புதிர் செத்தது. எப்படி அவிழ்த்தீர்கள் என்பதும் அப்படியே. ‘படத்தைத் தலைகீழாகப் பார்த்ததும் புரிந்தது’ என்பதெல்லாம் வேண்டாம்.

கேள்வி: படம்?

டப்பாவுக்கு முதுகைக் காட்டி எடுங்கள்.

கேள்வி (டோர்ட்முண்ட்): அக்கா, துப்பை மறைக்கும் குறியாக்கம் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே ஜெர்மன் துப்புகளில் சில எழுத்து மட்டும் மாறாமல் நிற்கிறது. தமிழில் துப்பு எழுதினால் என்ன ஆகும்?

நல்ல கேள்வி. அதன் பெயர் ராட்13. ஆங்கில அரிச்சுவடியில் 26 எழுத்து, ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளிப் போடுவது. இருபத்தாறில் பாதி என்பதால் மறுபடி ஒரு தடவை தள்ளினால் பழைய எழுத்தே வந்துவிடும். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. 1980களில் யூஸ்நெட்டில் முகம் சுளிக்கவைக்கும் நகைச்சுவையையும் புதிர் விடையையும் மறைக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். ரகசியம் காப்பதற்கில்லை, தற்செயலாகக் கண்ணில் படாமல் இருப்பதற்கு. முன்பு பதிவுகளையே இப்படி மறைத்துப் போடும் வசதி இருந்தது, இப்போது இல்லை.

ரொம்ப நாள் விளையாடியவர்களிடம் இந்த மறைப்பும் பலிப்பதில்லை. மரம் என்ற ஆங்கிலச் சொல் ‘ஜி, ஈ, ஆர், ஆர்’ என்று மாறும். அதைப் பார்த்ததும் எனக்கு மரமே தெரிகிறது. ‘இசட்’டில் தொடங்கும் எட்டெழுத்துச் சொல்லா, காந்தம் ஒட்டியது. வேண்டாம் என்று கண்ணை மூடுவதற்குள் படித்து முடித்துவிடுகிறேன்.

இருபத்தாறைத் தவிர வேறு எழுத்தை ராட்13 தொடாது. உங்கள் ஊரில் மேலே இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகள் அப்படியே நிற்பது அதனால்தான். தமிழில் எழுதினால் மொத்தத் துப்பும் திறந்தே கிடக்கும். அப்படியே எழுதலாம், யாருக்குப் புரியப்போகிறது என்று இங்கே ஒருவர் என்னிடம் சொன்னார். டோர்ட்முண்ட் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஸ்கார்பரோவில் அந்தத் துப்பைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பாட்டிகூடப் படித்துவிடுவார்.