பல்கனிப் புகையும் அம்மாவின் முட்டு வருத்தமும்

அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா), உல்லாசக் கப்பலில் பக்கத்து பல்கனியில் யாராவது சிகரெட் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ரோயல் கரீபியன், கார்னிவல் என்ற இரண்டு கப்பல் கம்பனிகளுமே 2014இல் பல்கனியில் புகைப்பதை நிறுத்திவிட்டன, ஆனபடியால் அதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். தொல்லை கசினோதான். பல கப்பல்களில் அங்கே இன்னும் பற்றவைக்கலாம், அந்த நாற்றம் படிக்கட்டு வழியே மேலேயும் வரும். காசு கட்டுமுன் தள வரைபடத்தைப் பார்த்து, கசினோவுக்கும் வெளித்தளத்தில் புகைக்க ஒதுக்கிய மூலைக்கும் தள்ளி அறை எடுங்கள்.

கொழும்பு வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில், பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வாயடைக்கிற மாதிரி நடுக்கடலில் முடியாது, அங்கே கம்பனி விதிதான். யாராவது மீறினால் நீங்கள் போய்ச் சண்டை பிடிக்காமல் வரவேற்பு மேசைக்குச் சொல்லுங்கள். புகைக்கிறவரும் காசு கட்டித்தானே வருகிறார் என்பார்கள், சரி, அவருக்குத்தான் தனி மூலை இருக்கிறதே. அப்புறம், அம்மாவின் இன்ஹேலரைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள், பெட்டி அறைக்கு வர மணிக்கணக்காகலாம்.