வியட்நாம் தலைநகர் ஹனோயின் ‘சா கா’ நம்ம ஊர் மீன் வறுவல் மாதிரிதானா? அதற்காகத் தனியாகப் போய்ச் சாப்பிட வேண்டுமா?

“மஞ்சள் தடவிப் பொரித்த மீன்தானே” என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக டூர் பேக்கேஜில் போகிறீர்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை இதற்கு ஒதுக்கலாமா என்று யோசனை. கட்டாயம் ஒதுக்குங்கள்.

வேலைக்காக ஹனோயில் குடியிருந்தவன் நான். வீட்டுக்கார அம்மா செய்து போட்டுத்தான் இது எனக்குப் பழக்கம். கா லாங் என்கிற ஆற்றுக் கெளுத்தியைத் துண்டு போட்டு, மஞ்சள், அரத்தை, புளித்த சோற்று விழுது, கொஞ்சம் மாம் தோம் (நொதித்த இறால் விழுது) சேர்த்து ஊற வைப்பார். நேராக எண்ணெயில் போடுவதில்லை. முதலில் கரியடுப்பில் இரண்டு பக்கமும் வாட்டுவார். பிறகு சாப்பிடும் இடத்திலேயே சின்ன அடுப்பு, அதில் சட்டி, காய்ந்த எண்ணெயில் மீன், அதன்மேல் கை கையாகச் சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும். கீரை துவண்டதும் கிண்ணத்துக்கு வந்துவிட வேண்டும். நான் பேசிக்கொண்டிருந்தால் அவரே அள்ளிப் போட்டு, “முதல்ல சாப்பிடு” என்று அதட்டுவார்.

நம் வறுவலுக்கு மிளகாயும் மொறுமொறுப்பும் உயிர். இதற்குக் கீரையின் மணம். அடியில் இடியாப்பம் போல மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே வறுத்த வேர்க்கடலை, எலுமிச்சையும் சர்க்கரையும் மிளகாயும் போட்டு நுரைக்க அடித்த மாம் தோம் ஒரு கரண்டி. அதன் வாடை பிடிக்காதவர்களுக்கு மீன் சாஸ் தருவார்கள். ஆனால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் தயங்க வேண்டியதே இல்லை.

சா காவுக்குப் பேர்போன ‘சா கா லா வோங்’ கடையைச் சொல்லி, “அந்தப் பழைய கடை டூரிஸ்டுகளுக்கானது, விலை அதிகம்” என்று கமெண்டில் வருவார்கள், தெரியும். 1871-இலிருந்து தோவான் குடும்பம் நடத்திய கடை அது. ஹாங் சோன் தெருவின் பெயரே சா கா தெரு என்று மாறியது அதனால்தான். நான் எந்தக் கடைக்கும் வக்காலத்து வாங்கவில்லை, பதார்த்தத்தைத்தான் சொல்கிறேன். வேறு கடைகளிலும் நன்றாகவே கிடைக்கிறது.

என் கோபமெல்லாம் டூர் நடத்துகிறவர்கள் மேல்தான். அண்ணன் குடும்பம் வந்தபோது ராத்திரி தவறாமல் வட இந்திய பஃபேக்குத்தான் கூட்டிப் போனார்கள். மீன் கேட்ட அண்ணனிடம், “வயிறு கெட்டால் எங்கள் பொறுப்பில்லை” என்றார்களாம். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறதைப் பற்றி இப்படியா பேசுவது? பனீர் பட்டர் மசாலா தின்னவா அவ்வளவு தூரம் பறந்து வந்தார்கள்? முன்பணம் கட்டும் முன்பே ஒரு ராத்திரிச் சாப்பாட்டைப் பேக்கேஜிலிருந்து எடுக்கச் சொல்லிவிடுங்கள். அப்புறம் கேட்டால் கழித்துத் தர மாட்டார்கள்.