தூக்கு கேட்பதற்கு முன்

அன்புள்ள அக்கா,

பாலியல் வன்கொடுமை வழக்கில் பத்து வருஷம், இருபது வருஷம் என்று தீர்ப்பு வரும்போதெல்லாம் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அந்தப் பெண் காலமெல்லாம் சுமக்கிறாள். அவனோ ஒருநாள் வெளியே வந்து நடமாடுவான். எல்லாருக்கும் தூக்கு என்றால்தானே பயம் வரும்? தூக்குத் தண்டனையே கூடாது என்பவர் நீங்கள். இதிலுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆமாம், இதிலும்தான். உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

சட்டத்தில் இன்று தண்டனை குறைவில்லை. 2018-க்கு முன் வல்லுறவுக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, இப்போது 10. பெண்ணுக்கு 16 வயது ஆகவில்லை என்றால் 20. 12 ஆகவில்லை என்றால் தூக்கு வரைக்கும் போகலாம். அப்புறமும் ஏன் பயம் வரவில்லை?

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமத்துக்குள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து 18 பெண்களைச் சீரழித்தார்கள். பொறுப்பில் இருக்கும் அரசு ஊழியன் இதைச் செய்தால் குறைந்தது 10 ஆண்டு என்று 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. வந்து என்ன பயன்? தீர்ப்பு கிடைத்தது 2011-ல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போய்விட்டார்கள். மேல்முறையீடு முடிய 2023 ஆனது. அந்தப் பெண்கள் 31 வருஷம் நீதிக்காகக் காத்திருந்தார்கள். அன்று சட்டத்தில் தூக்கு இருந்திருந்தால் இதில் ஒரு வாய்தாவாவது குறைந்திருக்குமா?

விசாரணை முடியும் வல்லுறவு வழக்குகளில் நாலில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் தண்டனையில் முடிகிறது. மாட்ட மாட்டோம் என்று நம்புகிறவன் தண்டனையின் அளவைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, பதிவாகும் வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி தெரிந்த ஆள்தான். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். "உன் வார்த்தையால அவரைத் தூக்குல போடுவாங்க, பரவாயில்லையா?" என்று சொந்த வீட்டிலேயே கேட்டால் ஒரு பத்து வயதுக் குழந்தை வாய் திறக்குமா? நான் தூக்கை எதிர்க்க முதல் காரணம் இந்தக் குழந்தைதான். கொன்றாலும் தூக்கு, கொல்லாவிட்டாலும் தூக்கு என்றால் இருக்கும் ஒரே சாட்சியை அவன் எதற்கு உயிரோடு விடப் போகிறான்? டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு சட்டத்தை மாற்ற யோசனை சொல்ல அரசு அமைத்த நீதிபதி வர்மா குழுவும் 2013-ல் எல்லாவற்றையும் அலசிவிட்டு, வல்லுறவுக்குத் தூக்கு வேண்டாம், சாகும்வரை சிறை வரைக்கும் கொடுக்கலாம் என்றுதான் சொன்னது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 35-வது பிரிவு, நீதிமன்றம் வழக்கை ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், கூடுமானவரை ஒரு வருஷத்தில் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. எட்டு வயதில் நடந்ததைப் பதினோரு வயதில் வந்து சொல்லும் பிள்ளையிடம், அன்று என்ன கிழமை, கதவு எந்தப் பக்கம் என்று குறுக்கு விசாரணை. தடுமாறினால் அதுவே சந்தேகத்தின் பலனாகி, குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாதகமாகிவிடுகிறது. அதற்குள் சொந்தக்காரர்கள் சமரசம் பேசி, அம்மாவையே முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாக்கிவிடுவதும் உண்டு.

அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு எழுதும்போது தூக்கு கேட்காதீர்கள். நம் மாவட்டப் போக்சோ நீதிமன்றத்தில் ஒரு வருஷத்தைத் தாண்டிய வழக்குகள் எத்தனை, அரசு வழக்கறிஞர் பணியிடம் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா