நவம்பரில் வெனிஸ்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: அலுவலக வேலையாக நவம்பரில் மிலான் போகிறேன். அம்மாவையும் (66 வயது, முழங்கால் வலி உண்டு) அழைத்துப் போய் நாலு நாள் வெனிஸ் காட்ட ஆசை. "அந்த மாசம் ஊரே தண்ணியில நிக்கும்" என்று தோழி பயமுறுத்துகிறாள். போகலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், சகோதரி.

தோழி சொன்னதில் உண்மை இருக்கிறது. இலையுதிர் காலத்தில் தெற்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று கடலை ஊர்ப்பக்கம் தள்ளும். கடல் ஏற்றமும் அதோடு சேர்ந்துகொண்டால் தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும். 2019 நவம்பர் 12 அன்று கடல் மட்டக் கணக்கில் (தெருவில் நின்ற ஆழம் அல்ல) 187 செ.மீ. வரை ஏறியது. ஆனால் 2020 அக்டோபரில் இருந்து, கடல் உள்ளே வரும் மூன்று வாய்களையும் 'மோசே' தடுப்பு காக்கிறது. கடலடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகள் அவை. 110 செ.மீ.க்கு மேல் ஏறும் என்று தெரிந்தால் உள்ளே காற்றைச் செலுத்தி எழுப்புகிறார்கள். அதற்குக் குறைவாக ஏறும் நாளில், சான் மார்க்கோ சதுக்கம் போன்ற தாழ்வான இடங்களில் கணுக்கால் அளவோ சற்று மேலோ நிற்கலாம். சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

எனக்குக் கவலை தண்ணீரில் இல்லை, படிகளில்தான். 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் ஏறி இறங்கப் படிகள். காரும் ஆட்டோவும் கிடையாது. அதனால் விடுதி பிடிக்கும்போது விலையைப் பார்க்கும் முன், "படகுத்துறையில் இருந்து உங்கள் வாசல்வரை பாலம் உண்டா?" என்று எழுதிக் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். பெரிய பெட்டியை மிலானிலேயே விட்டுவிடுங்கள். வெனிஸ் ரயில் நிலையத்தைவிட்டு இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. 1-ம் எண் வப்போரெத்தோ (நம் ஊர் டவுன் பஸ் மாதிரி பொதுப் படகு) பெருங்கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். 72 மணி நேரப் பாஸ் எடுத்துவிட்டால், அம்மா உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடுவார். மாலை நாலரைக்கே பொழுது சாயும், குளிரும் ஈரமுமாக இருக்கும். வெளியே சுற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் நவம்பர் 21 அங்கே இருக்கும்படி பயணத்தை அமையுங்கள். 1630-ல் கொள்ளைநோய் ஊரை வாரிக்கொண்டு போனபோது, நோய் நீங்கினால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டார்கள். அதுதான் சலூத்தே தேவாலயம். அந்த நேர்த்திக்கடனை இன்றும் வருடம் தவறாமல் செலுத்துகிறார்கள். பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போட்டு, குடும்பம் குடும்பமாக மெழுகுவத்தியோடு நடந்து வருவார்கள். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால், உப்பிட்டு உலர்த்திய ஆட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் சேர்ந்த 'காஸ்த்ரதீனா' சூப்பை அந்த நாட்களில் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவைப் பாலத்தில் நடக்கவைக்க வேண்டாம். 1-ம் எண் படகில் 'சலூத்தே' துறையில் இறங்கினால் தேவாலயம் எதிரிலேயே இருக்கிறது. வாசலில் பத்துக்கும் மேற்பட்ட படிகள் உண்டு, கையைப் பிடித்து நிதானமாக ஏற்றிவிடுங்கள். கூட்டம் சேரும் முன், காலையிலேயே போய்விடுங்கள்.