கயிற்றில் கட்டிய முயல்

கேள்வி: வணக்கம் மேடம். சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். தாத்தா காலத்தில் கன்னி நாய்களை வைத்து முயல் வேட்டைக்குப் போன குடும்பம். இங்கே எட்டு மாத ஜாக் ரஸ்ஸல் நாய்க்குட்டி ஒன்று வளர்க்கிறேன், உரிமம் எடுத்திருக்கிறேன். அதன் துடிப்பைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு முயல் வாங்கி, இரவு பத்து மணிக்கு மேல் புளோக்குக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் நீளக் கயிற்றில் கட்டி, டார்ச் அடித்து, குட்டியை அவிழ்த்துவிட்டுப் பழக்கினேன். மூன்றாவது இரவு குட்டி முயலின் பின்னங்காலைக் கவ்விவிட்டது. யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். இப்போது விலங்கு நலப் புகார்களை விசாரிக்கும் தேசியப் பூங்காக் கழகத்திலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் காட்டு முயலே கிடையாது. என் முயல், என் நாய், இதில் என்ன குற்றம்? கைப்பேசியில் நான் எடுத்த வீடியோக்களை அழித்துவிடலாமா? டிசம்பரில் ஊருக்குப் போகும்போது தம்பியோடு வேட்டைக்குப் போகலாமா?

பதில்: முதலில் கேட்டிருக்க வேண்டியதை நீங்கள் கேட்கவே இல்லை. முயல் எப்படி இருக்கிறது? கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இதைப் படித்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

"என் முயல்" என்கிறீர்கள். உங்களைக் காப்பாற்றும் என்று நீங்கள் நினைக்கும் அந்தச் சொல்தான் உங்களை மாட்டிவிடுகிறது. அது காட்டு முயலாக இருந்தால் வனவிலங்குச் சட்டம் பற்றிப் பேசியிருப்போம். வாங்கி வளர்க்கும் முயல் என்பதால் விலங்கு, பறவைகள் சட்டத்தின்படி நீங்கள் அதன் உரிமையாளர். வலி, காயம், துன்பம் வராமல் அதைப் பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுடையது. அதில் தவறினால் முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

இதைவிடக் கனமானது அதே சட்டத்தின் 42ஆவது பிரிவு, அதாவது விலங்குவதை. அடித்தால், உதைத்தால் மட்டும்தான் வதை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு விலங்கைக் கொடூரமாக மிரள வைப்பதும் அந்தப் பிரிவுக்குள் வருகிறது. ஒரு விலங்கின் மீது இன்னொன்றை ஏவிவிடுவதும் அப்படியே. முயல் ஓடித் தப்ப வழியே இல்லாமல் கயிற்றில் கட்டப்பட்டிருந்தது என்பதுதான் உங்கள் வழக்கில் மிக மோசமான அம்சம். உங்கள் தாத்தா விரட்டிய முயலுக்காவது ஒரு புதர் இருந்தது. முதல் குற்றத்துக்கு 15,000 வெள்ளி வரை அபராதம், 18 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சில காலத்துக்கு விலங்கு வளர்க்கவே நீதிமன்றம் தடை விதிக்கவும் முடியும். அப்படி ஆனால் குட்டியையும் இழக்க நேரும்.

இவையெல்லாம் உச்ச வரம்புகள். முதல் தடவை மாட்டிய ஒருவருக்கு உச்ச தண்டனை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நாயின் சுபாவம்" என்று அங்கே போய் வாதம் செய்யாதீர்கள். நாய் கவ்வியது சுபாவத்தால்தான், சரி. கயிற்றைக் கட்டியது யார்?

வீடியோக்களை அழிப்பதா? வேண்டவே வேண்டாம். விசாரணைக் கடிதம் கைக்கு வந்த பிறகு ஆதாரத்தை அழித்தால் அது நீதிக்கு இடையூறு செய்யும் தனிக் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவில் அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. முயல் விவகாரத்தைவிடப் பெரிய வம்பு அது. முயலைக் கொண்டுபோய் எங்காவது புல்வெளியில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவதும் குற்றம்தான்.

விசாரணைக்குக் குறித்த தேதியில் போங்கள். போவதற்கு முன் ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் நேரில் பேசுங்கள். பத்திரிகையில் நான் எழுதும் பதில் அதற்கு ஈடாகாது. பொய் மட்டும் சொல்லக்கூடாது. "நண்பரின் முயல்", "தானாக அவிழ்ந்து ஓடியது" என்று கதை கட்டினால் வீடியோ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வாக்குமூலத்தை எழுதியதும் முழுவதும் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். தலையாட்டிவிட்டுப் பின்னால் "எனக்குப் புரியவில்லை" என்றவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

உரிமத்திலும் நாயின் இனத்திலும் சிக்கல் இல்லை. வீவக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட நாய்களின் பட்டியலில் ஜாக் ரஸ்ஸல் இருக்கிறது. ஆனால் பொது இடத்தில் வாரை அவிழ்த்து விட்டது தனிப் பிழை. இரவில் அது எதைப் பிடித்திருக்கும் என்று யோசித்தீர்களா? நம் புல்வெளிகளிலும் கால்வாய் ஓரங்களிலும் மரநாய் நடமாடுகிறது, உடும்பும் உண்டு. அனுமதியின்றி வனவிலங்கை வேண்டுமென்றே கொன்றால் அல்லது பிடித்தால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அழுங்கு போன்ற பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் 50,000 வெள்ளி, இரண்டு ஆண்டு வரை போகும். பழக்கி ஏவிய நாய் பிடித்தால் "நாய்தான் பிடித்தது, நான் இல்லை" என்பது எடுபடாது.

டிசம்பர் விஷயம். ஊரில் நடக்கும் வேட்டைக்கு இங்குள்ள சட்டம் பொருந்தாது, உண்மைதான். ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். கரிசல் காட்டில் ஓடும் முயலும் அதன் பட்டியலில் இருக்கிறது. கொன்றால்தான் வேட்டை என்பதில்லை. விரட்டுவது, கண்ணி வைப்பது, பிடிக்க முயல்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. டார்ச் வெளிச்சத்தில் முயல் கண் கூசி நிற்பது தாத்தாவுக்கு வசதியாக இருந்திருக்கலாம். இன்று அதே வெளிச்சம் வனத்துறையின் ஜீப்புக்கு வழிகாட்டும். தம்பியிடமும் சொல்லி வையுங்கள்.

குட்டியின் துடிப்புக்கு வடிகால் வேண்டும் என்பது நியாயமான கவலை. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் வேலியடைத்த நாய் ஓட்டக்களம் இருக்கிறது. ஆளில்லாத நேரம் பார்த்து, ஒரு கம்பின் நுனியில் கயிறு கட்டி, அதில் பழைய துணிப்பொம்மையைத் தொங்கவிட்டுத் தரையோடு இழுத்துக் காட்டுங்கள். ஜாக் ரஸ்ஸல் மூச்சிரைக்க ஓடும். முயல் குணமானதும் அதை வைத்துக்கொள்ள மனமில்லையென்றால், பொறுப்பாக வளர்க்கக்கூடிய ஒருவரிடம் ஒப்படைத்து, எழுத்தில் ஒரு குறிப்பு வாங்கி வையுங்கள். ஆனால் விசாரணை முடியும்வரை அதிகாரிகளைக் கேட்காமல் அதையும் செய்ய வேண்டாம். அந்த முயலும் ஒரு சாட்சிதான்.